குடிசையா, மண்வீடா? பெயர் மாறினால் தொகையும் மாறும்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். "மண் சுவர் இடிந்து மூதாட்டி பலி" என்பது ஒன்று. "சேதமடைந்த குடிசைகளுக்கு நிவாரணம் அறிவிப்பு" என்பது இன்னொன்று. முதல் செய்தியில் இடிந்த வீடும் இரண்டாவது செய்தியில் வரும் குடிசையும் ஒன்றுதானா? பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். நிவாரணப் பட்டியலில் அப்படி இல்லை. அங்கே ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே 1,12,000 ரூபாய் இடைவெளி இருக்கிறது.

அந்தக் கணக்குக்குப் போவதற்கு முன் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## கூரையைச் சொல்லும் பெயர், சுவரைச் சொல்லும் பெயர்

வீட்டுக்குப் பெயர் சொல்லும்போது ஊர் பெரும்பாலும் மேலேதான் பார்க்கிறது. கூரை வீடு, ஓட்டு வீடு, தகர வீடு, மச்சு வீடு, மெத்தை வீடு எல்லாம் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்பதைச் சொல்பவை. சுவரைச் சொல்லும் பெயர்கள் குறைவு: மண்வீடு, கல்வீடு, காரை வீடு. அதனால் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயரும் பொருந்தும். மண் சுவர் வைத்து நாட்டு ஓடு போட்டது மண்வீடு, ஓட்டு வீடும்கூட. அதே சுவரின்மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் மண்வீடு, கூரை வீடும்கூட. செங்கல் சுவரின்மேல் கீற்று வேய்ந்தாலும் கூரை வீடுதான். அதை மண்வீடு என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூரை இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் "கூரை வீடு" என்றால் ஓலையோ வைக்கோலோ கரும்புச் சோகையோ வேய்ந்தது என்றே பொருள். ஒரு காலத்தில் வேய்ந்ததுதான் கூரை, மற்றதெல்லாம் பிறகு வந்தது என்பதன் மிச்சம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

சரி, குடிசை எதைப் பார்த்து வைத்த பெயர்? கூரை, அளவு, அதில் இருப்பவரின் நிலைமை மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. தாழ்வாக, சின்னதாக, ஓலையோ புல்லோ வேய்ந்ததாக இருக்கும். சுவர் எதனால் ஆனது என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறையே இல்லை. மண் சுவர் இருக்கலாம், ஓலைத் தட்டி இருக்கலாம், பழைய பிளெக்ஸ் பேனர்கூட இருக்கலாம். ஆனால் மேலே ஓடு ஏறிவிட்டால், எவ்வளவு சின்ன வீடானாலும், அதைக் குடிசை என்று சொல்ல ஊர் தயங்கும்.

குடில் என்ற சொல்லின் பாதை வேறு. சாமியார் இருப்பதும், கிறிஸ்துமஸுக்குக் குழந்தை இயேசுவைக் கிடத்துவதும், சுற்றுலா விடுதிக்காரர் கடற்கரையில் கட்டி வைப்பதும் குடில். கூரையைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேறு வழியில்லாமல் இருந்தால் குடிசை, விரும்பி வாடகை கொடுத்து இருந்தால் குடில். இந்த வரிசையில் மூத்த சொல்லான குரம்பை வழக்கொழிந்தே போய்விட்டது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் என்ற வேட்டுவர்கள் ஈந்தின் இலை வேய்ந்த குரம்பையில் இருக்கிறார்கள். அந்தக் கூரை முள்ளம்பன்றியின் முதுகைப்போல் இருந்ததாம். அங்கேயும் சொல்லப்படுவது கூரைதான்.

## மண் சுவரில் மூன்று வகை

மண்வீடு என்பது ஒரே மாதிரியான பொருள் அல்ல. இடிந்து விழும் செய்திகளைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம்.

1. பிசைந்த மண் சுவர். மண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்து, வைக்கோல் துண்டோ உமியோ சேர்த்து ஊறப் போடுவார்கள். பிறகு உருண்டை உருண்டையாக எடுத்து ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிலும் வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த சுற்று வைப்பார்கள். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் அடிச்சுற்று பிதுங்கும். அகலம் ஒன்றரை அடிவரை இருக்கும்.

2. பச்சைக்கல் சுவர். அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்த, சூளை பார்க்காத கல். செங்கலிலிருந்து இதைப் பிரிப்பது நெருப்பு மட்டும்தான், ஆனால் அது பெரிய வித்தியாசம். சுட்ட மண் மறுபடியும் சேறாகாது. சுடாத மண் எத்தனை வருஷம் காய்ந்திருந்தாலும் தண்ணீரில் ஊறினால் பழையபடி சேறாகிவிடும்.

3. வரிச்சுச் சுவர். கால் மரங்களை நட்டு, குறுக்கே மூங்கில் பிளாச்சோ குச்சியோ கட்டி, இரண்டு பக்கமும் மண்ணை அப்புவது. கூரையின் பாரம் மரத்தில் இறங்கும். மண் வெறும் பூச்சு.

மூன்றாவது வகையில் மழைக்கு மண் உதிர்ந்தால் ஓட்டை விழும், ஆள் தப்பிவிடுவார். முதல் இரண்டு வகையில் சுவரே தூண். பத்தடி நீளம், ஏழடி உயரம், ஒன்றரை அடி அகலம் உள்ள மண் சுவர் காய்ந்த நிலையிலேயே ஏறக்குறைய 5 டன் இருக்கும். அது ராத்திரியில் பாயின்மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த "மூதாட்டி பலி" செய்தி.

சுவர் தலையில் நனைந்து விழுவது குறைவு, காலில் நனைந்து விழுவதுதான் அதிகம். இறவாரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்து, சுவரின் கீழ் ஓரடியை மட்டும் விடாமல் அரிக்கும். வாசலில் தண்ணீர் தேங்கினால் அது அடியிலிருந்து மேலேயும் ஏறும். மழை நின்று வெயில் அடித்த அன்றைக்கும் சுவர் விழுவதற்குக் காரணம் உள்ளே ஊறிய ஈரம் இன்னும் போகாததுதான். பழைய மண்வீடுகளில் கூரை இரண்டு மூன்று அடி வெளியே நீண்டு, கீழே திண்ணையும் இருக்கும். திண்ணை உட்காருவதற்கு மட்டும் வைத்ததல்ல, சுவரின் காலைத் தெறிப்பிலிருந்து மறைக்கும் வேலையையும் அது செய்கிறது. சாலையை வருஷா வருஷம் உயர்த்திக்கொண்டே போனதில் பல வீடுகளில் அந்தத் திண்ணை தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. சாலைத் தண்ணீர் நேராகச் சுவருக்கு வருகிறது.

கூரை இருக்கும்வரைதான் மண் சுவர் சுவர். கூரை போனால் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து இடுப்பளவில் நிற்கும். அதற்குத்தான் குட்டிச்சுவர் என்று பெயர். "குடும்பமே குட்டிச்சுவராப் போச்சு" என்று திட்டும்போது நாம் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

## ஒதுங்குவது வேறு, குடியிருப்பது வேறு

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடங்களுக்குத் தமிழில் தனிக் கூட்டமே இருக்கிறது: பந்தல், கொட்டகை, கொட்டில், தொழுவம், சாவடி, சத்திரம். பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்துக்கு நிழற்குடை என்று பெயர் வைத்தவர் மழையைவிட வெயிலைத்தான் நினைத்திருக்கிறார். இவற்றில் எதையும் வீடு என்று சொல்ல முடியாது. பந்தலுக்குச் சுவரே வேண்டாம். கொட்டகைக்கும் தூணும் கூரையும் போதும், சினிமாக் கொட்டகை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

வித்தியாசம் கூரையில் இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. அடுப்பு எரிந்தால், சாமி படம் மாட்டினால், குடும்ப அட்டையில் முகவரி ஏறினால் அது குடியிருப்பு. ஒரே கீற்று மாட்டின்மேல் இருந்தால் கொட்டகை, மனிதர்கள்மேல் இருந்தால் குடிசை.

இதைக் கவனிக்காமல் பேசினால் குழப்பம் வரும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக்கூரை தீயைப் பரப்பியது. அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றும் உத்தரவுகள் வந்தன. அது கொட்டகையைப் பற்றிய நடவடிக்கை. குடியிருக்கும் குடிசையின் தீ வேறு கதை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள். அங்கே கூரை எரிந்தது ஒரு பகுதி, அவர்கள் யார் என்பதும் எங்கே இருக்கும்படி விடப்பட்டார்கள் என்பதும் மற்றப் பகுதி. குடிசை என்ற சொல்லோடு சாதி ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை. சேரி என்ற சொல்லையும் பாருங்கள். சோழர் கல்வெட்டுகளில் பிராமணர் குடியிருப்புகளின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர். இன்று அந்தச் சொல் எங்கே வந்து நிற்கிறது என்பது தெரிந்ததுதான்.

## எத்தனை நாளைக்கு?

கூரையும் சுவரும் போக, மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: எவ்வளவு காலத்துக்கு? கூடாரம், முகாம், காப்பகம், புகலிடம் என்ற சொற்கள் எல்லாம் காலத்தைப் பற்றியவை. இதற்கு வள்ளுவர் காலத்திலேயே இரண்டு சொற்கள் உண்டு. நிரந்தரமாகப் புகுந்திருக்கும் வீடு புக்கில். ஒண்டிக்கொண்டிருக்கும் இடம் துச்சில். "புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு" என்பது 340ஆவது குறள். உடம்பில் ஒண்டிக்கிடந்த உயிருக்கு இன்னும் சொந்த வீடு அமையவில்லையோ என்கிறார். இரண்டு சொற்களும் புழக்கத்திலிருந்து போய்விட்டன. போகாமல் இருந்திருந்தால் இன்று ரொம்பவே பயன்பட்டிருக்கும்.

எப்படி என்றால், இலங்கையிலிருந்து 1983க்குப் பிறகு வந்த தமிழர்கள் தமிழ்நாட்டில் இருக்கும் இடத்துக்குப் பெயர் முகாம். முகாம் என்றால் சில வாரம், சில மாதம் என்று காது எதிர்பார்க்கிறது. ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2021இல் "அகதிகள் முகாம்" என்பதை "மறுவாழ்வு முகாம்" என்று அரசு மாற்றியது, புது வீடுகள் கட்டும் வேலையும் தொடங்கியது. கான்கிரீட் வீடு வந்த பிறகும் பின்னால் "முகாம்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடம் புக்கில், பெயர் துச்சில்.

## அரசுப் படிவத்தில் இந்தச் சொற்கள்

இனி காகிதத்துக்கு வருவோம். அரசு ஒன்று, அகராதி பல.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நிலையானது, அரை நிலையானது, தற்காலிகமானது என்று பிரிக்கிறது. சுவர், கூரை இரண்டும் உறுதியான பொருளாக இருந்தால் நிலையானது. ஒன்று மட்டும் அப்படி இருந்தால் அரை நிலையானது. இரண்டும் இல்லையென்றால் தற்காலிகம். இந்தத் தற்காலிகத்தையும் அது இரண்டாக உடைக்கிறது. சுவர் மண்ணோ பச்சைக்கல்லோ மரமோ என்றால் ஓரளவு தாங்கும் தற்காலிக வீடு. புல், ஓலை, மூங்கில் என்றால் தாங்காத தற்காலிக வீடு. மண்வீட்டுக்கும் ஓலைத்தட்டிக் குடிசைக்கும் நடுவே கோடு போடும் புத்திசாலித்தனம் அந்தப் படிவத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே படிவத்தில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் உறுதியான பொருள்கள். போன மாதம் நான்கு பக்கமும் தகரம் அடித்து மேலேயும் தகரம் போட்ட கொட்டகையில் ஒரு குடும்பம் இருந்தால் அது நிலையான வீடு. தாத்தா காலத்து ஒன்றரை அடி மண் சுவர், மேலே பனையோலை என்றால் தற்காலிகம். ஆரோவில்லில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து எந்திரத்தில் அழுத்திய மண்கல்லால் இரண்டு மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லும் சுடாத கல்தான். எழுத்துப்படி பார்த்தால் அதுவும் பச்சைக்கல் கட்டத்தில்தான் விழ வேண்டும். பொருளின் பெயரைக் கேட்கும் படிவம் அதன் பலத்தைக் கேட்பதில்லை.

அடுத்து பேரிடர் நிவாரணம். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து கொடுப்பதற்கு மத்திய அரசு விதித்த அளவு, 2022-23 முதல் 2025-26 வரை, இப்படி:

1. முழுதாக இடிந்த வீடு, பக்காவோ கச்சாவோ: சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய்.
2. குறைந்தது 15 சதவீதம் சேதமான வீடு: பக்கா என்றால் 6,500, கச்சா என்றால் 4,000.
3. சேதமான அல்லது அழிந்த குடிசை: 8,000.
4. வீட்டோடு சேர்ந்த மாட்டுக்கொட்டகை: 3,000.

இந்தக் கச்சா, பக்கா என்ற இந்திச் சொற்களுக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. பக்கா என்றால் வெந்தது, உறுதியானது. கச்சா என்றால் பச்சை, வேகாதது. பச்சைக்கல் என்கிறோமே, அந்தப் பச்சைதான். முழுதாக இடிந்தால் கச்சா வீட்டுக்கும் பக்கா வீட்டுக்கும் ஒரே தொகை என்பதைக் கவனியுங்கள். ஆகவே மண் சுவர் என்பதால் பணம் குறையாது. குறைவது எப்போது என்றால், அந்த வீட்டைக் குடிசை என்று எழுதும்போது.

குடிசைக்கு அந்த விதிமுறை தரும் விளக்கம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று. கச்சா வீட்டைவிடத் தாழ்ந்தது, தற்காலிகமானது, கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆனது, மாநில அல்லது மாவட்ட அதிகாரிகளால் வழக்கமாகக் குடிசை என்று அடையாளம் காணப்படுவது. மண் இங்கேயும் வருகிறது, கச்சாவிலும் வருகிறது. அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? "வழக்கமாக அடையாளம் காணப்படுவது" என்ற சொற்றொடரை வைத்து. அதாவது ஆய்வுக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் என்ன எழுதுகிறாரோ அது. வீடு என்று சொல்ல அது அனுமதிக்கப்பட்ட கட்டடமாகவும் இருக்க வேண்டும் என்கிறது விதி. புறம்போக்கில் இருக்கும் மண்வீடு, சுவர் எத்தனை அகலமானாலும், குடிசைப் பக்கம் சரிவதற்கு இது ஒரு காரணம்.

மாநில அரசு இந்த அளவுக்கு மேலேயும் கொடுக்கலாம். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், குடிசைக்கான தொகை 5,000இலிருந்து 8,000 ஆனது. மறுவருஷம் ஃபெஞ்சல் புயலுக்கு 10,000 அறிவிக்கப்பட்டது. ஏற்றம்தான், ஆனால் 1,20,000த்துக்குப் பக்கத்தில் வைத்தால் 10,000மும் 8,000மும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

வீடு கட்டித்தரும் திட்டங்களில் அளவுகோல் இன்னொரு விதம். 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் 2011இன் சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை வைத்து, வீடே இல்லாதவர்களையும், சுவர், கூரை இரண்டும் கச்சாவாக உள்ள, இரண்டு அறைக்கு மிகாத வீட்டுக்காரர்களையும் எடுத்துக்கொண்டது. இங்கே இரண்டும் சேர வேண்டும். தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பதை இலக்காக வைத்தது. 2030க்குள் 8 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். கடைசி வார்த்தைகளைப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் மனதில் இருக்கும் குடிசை எரியும் கூரைதான், கரையும் சுவர் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

## நகரத்தில் குடிசை என்றால் வீடே இல்லை

சென்னையில் இந்தச் சொல் இன்னும் தூரம் போயிருக்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் உருவானது, 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பார்ப்பது நெரிசல், காற்றோட்டம், வெளிச்சம், கழிப்பிடம், கட்டடத்தின் பாழடைந்த நிலை ஆகியவற்றை. மேலே ஓலையா ஓடா என்பது அதற்குப் பொருட்டில்லை. எனவே எல்லா வீட்டிலும் கான்கிரீட் தளம் இருந்தாலும் ஒரு தெரு "குடிசைப் பகுதி" ஆகலாம். அதேபோல் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் கீற்றுக் குடிசை குடிசைப் பகுதி ஆகாது. ஒரு வீட்டின் பெயரை எடுத்து ஒரு வட்டாரத்துக்கு ஒட்டியதில் வந்த வினை இது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பலகை மாறினாலும் பேச்சில் "ஹவுசிங் போர்டு" என்றோ "குடிசை மாற்று" என்றோதான் இன்னும் சொல்கிறார்கள்.

## ஒரே வீடு, நான்கு பெயர்

டெல்டாவில் நத்தம் பட்டா நிலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிசைந்த மண் சுவர். முன்பக்கம் நாட்டு ஓடு, பின்பக்கம் அடுப்படிக்கு மட்டும் கீற்று. ஊர் அதை ஓட்டு வீடு என்கிறது. கணக்கெடுப்பாளர் பெரும்பகுதிக் கூரை எதுவோ அதை எழுதுவார், சுவர் மண் என்பார். அதனால் நிலையானது என்ற கட்டத்துக்கு வாய்ப்பில்லை. புயலில் பின்பக்கச் சுவர் சாய்ந்து ஓடும் சரிந்தால், நிவாரணப் பதிவேட்டில் அது "கச்சா வீடு, முழுச் சேதம்" ஆகலாம், "கச்சா வீடு, பகுதிச் சேதம்" ஆகலாம், கண்ணில் பட்டது அந்தக் கீற்று அடுப்படி மட்டும் என்றால் "குடிசை" என்றும் ஆகலாம். 1,20,000, 4,000, 8,000 மூன்றும் அந்த ஒரே முற்றத்தில் நிற்கின்றன. பகுதி இடிந்த கச்சா வீட்டைவிடக் குடிசை என்று எழுதினால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பது இந்தப் பட்டியலின் இன்னொரு கோணல்.

எழுதுபவர் கையில்தான் பேனா இருக்கிறது என்றாலும் வீட்டுக்காரர் காட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று பட்டா. நனைந்து போயிருந்தாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். மற்றது சுவர் இருந்ததற்கான அடையாளம். சேற்றை அள்ளி வாசலில் கொட்டி, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டால் அடுத்த நாள் வருபவர் கண்ணுக்குத் தெரிவது தார்ப்பாய் மட்டும்தான். இடிந்த சுவரின் அகலமும் சரிந்த ஓடும் தெரிகிற மாதிரி, இடிபாட்டைத் தொடுவதற்கு முன்பே, செல்போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.